பத்து புள்ளி நாற்பது

இரவு 11.50. பன்னிரண்டு மணி வாட்சை (கப்பலைக் கவனித்து ஓட்டும் முறையை) ஏற்க, கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜுக்கு வந்து, கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று ஜன்னலோரம் நின்றிருந்தேன். பாரதீப்பில் ஏற்றிய நிலக்கரி தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாக் நீரிணையில் எங்கள் கப்பலுக்கு ஆழம் பத்தாது. இலங்கையைச் சுற்றித்தான் ஊர் போய்ச் சேர வேண்டும். ஐப்பசிக் கடைசி. வாடைக்காற்று பதினைந்து, பதினெட்டு நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) வேகத்தில் அடித்தது. இரண்டு மீட்டர் அலை. மூன்றாம் அதிகாரி என்னிடம் பொறுப்பைக் கைமாற்றிக்கொண்டிருந்தபோது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் இன்மார்சாட் பெட்டி அலறியது.

சாதாரண வானிலை அறிக்கைக்கு அது அப்படி அலறாது. பிரிண்டரில் வந்த தாளைக் கிழித்துச் சிவப்பு விளக்கில் படித்தேன். சென்னை எம்ஆர்சிசியிலிருந்து வந்திருந்தது. கடலோரக் காவல்படை நடத்தும் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் அது. ஆழ்கடல் மீன்பிடிப் படகு ஒன்றில் தண்ணீர் ஏறுகிறது. படகில் ஒன்பது பேர். கடைசித் தகவல் மாலை 7.10க்கு. இடம்: 10.40 வடக்கு, 81.50 கிழக்கு. அருகில் உள்ள கப்பல்கள் உதவிக்குப் போகவும்.

அப்போது நான் இரண்டாம் அதிகாரி. எங்கள் கப்பலில் ரேடியோ, பயணத் திட்டம், மருத்துவப் பெட்டி மூன்றும் என் பொறுப்பு. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், அந்தப் புள்ளியைக் குறிக்கப் போனேன், பென்சில் நின்றுவிட்டது. பத்து புள்ளி நாற்பது என்றால் என்ன? பத்து டிகிரி நாற்பது நிமிடமா, அல்லது பத்து டிகிரியும் ஒரு டிகிரியில் பத்தில் நான்கு பங்குமா?

கடலுக்குப் போகாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் அன்று இரவு முழுக்க இதைச் சுற்றித்தான் போனது. ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 1.85 கிலோமீட்டர். நான் மைல் என்று எழுதுவதெல்லாம் இதுதான். 10.40 என்பதைத் தசமமாக எடுத்தால் அது 10 டிகிரி 24 நிமிடம். நிமிடமாக எடுத்தால் 10 டிகிரி 40 நிமிடம். வடக்கு தெற்காக 16 மைல் வித்தியாசம். 81.50க்கும் இதே கதை: ஒன்று 81 டிகிரி 30 நிமிடம், இன்னொன்று 81 டிகிரி 50 நிமிடம். இரண்டையும் சார்ட்டில் குறித்தேன். நடுவே 25 மைல் இடைவெளி. ஒரே எண்ணுக்குக் கடலில் இரண்டு இடம்.

நிமிடமாக எடுத்த புள்ளி எங்களிடமிருந்து 37 மைல், தசமமாக எடுத்தது 62 மைல். கேப்டனை எழுப்பினேன். அவர் மேலே வந்து தாளைப் படித்து, சார்ட்டைப் பார்த்து, திசையைத் திருப்பச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கப்பல் கம்பெனியிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் முதன்முதலாக எழுதப்பட்ட, கடலில் உயிர்களைக் காப்பதற்கான சோலாஸ் உடன்படிக்கையின் இன்றைய வடிவத்தில் ஐந்தாம் அத்தியாயம் தெளிவாகச் சொல்கிறது: கடலில் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று எந்த வழியில் தெரியவந்தாலும், உதவக்கூடிய நிலையில் இருக்கும் கப்பலின் கேப்டன் முழு வேகத்தில் போயாக வேண்டும். போக முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். முதலாளியோ சரக்குக்காரரோ அவரைத் தடுக்க முடியாது. சரக்கு அரை நாள் தாமதமாகுமே என்று அன்று எங்கள் கப்பலில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன்.

எங்கள் அதிர்ஷ்டம், அந்த இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ ஒரே திசையில் இருந்தன. தென்மேற்காகத் திரும்பினால் எதுவாக இருந்தாலும் நேரம் வீணாகாது. திசை மட்டும் வேறாக இருந்திருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

சாட்டிலைட் போனில் சென்னையைக் கூப்பிட்டேன். எடுத்தவர் அவசரப்படாமல் பேசினார். எங்கள் இடம், வேகம், எத்தனை மணிக்குச் சேர்வோம், மீட்புப் படகு உண்டா, எத்தனை பேரை ஏற்றிக்கொள்ள முடியும் என்று வரிசையாகக் கேட்டார். நான் அந்த இரண்டு புள்ளிச் சிக்கலைச் சொன்னதும், "அதே சந்தேகம்தான் எங்களுக்கும், கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார். தகவல் அவர்களுக்கு வந்து சேர்ந்த வழியையும் சொன்னார். மூழ்கும் படகிலிருந்து 7.10க்கு விஎச்எஃப் ரேடியோவில் கூட்டாளிப் படகுக்கு ஒரு கூப்பாடு. அதன்பின் பேச்சில்லை. கூட்டாளிப் படகு அந்த இடத்துக்குப் போய்த் தேடிப் பார்த்திருக்கிறது. கிடைக்காமல் போகவும், கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த இன்னொரு படகிடம் சொல்ல, அவர் வேறொருவரிடம் சொல்ல, கடைசியில் செல்போன் டவர் கிடைக்கும் தூரத்திலிருந்த ஒருவர் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைத்தபோது மணி 11.15. நான்கு கை மாறிய எண்ணில் எஞ்சியது "பத்து புள்ளி நாற்பது" மட்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் திரும்ப அழைத்தார்கள். கூட்டாளிப் படகை மறுபடி பிடித்து, இடம் காட்டும் ஜிபிஎஸ் பிளாட்டர் திரையில் இருப்பதை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து டிகிரி, நாற்பது புள்ளி இரண்டு நிமிடம். அதாவது எங்களுக்கு அருகிலிருந்த புள்ளி; நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே கிட்டத்தட்ட 117 மைல்.

படகுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் இதுதான். உங்கள் பிளாட்டரில் இடம் எந்த வடிவத்தில் காட்டுகிறது என்று பாருங்கள். "டிகிரி", "நிமிடம்" என்ற சொற்களை விடாமல் சேர்த்தே சொல்லுங்கள். எத்தனை மணிக்கு அந்த இடத்தில் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நேரம் இல்லாத இடம் பாதித் தகவல்தான்.

நேரம் எதற்கு என்று கேட்கலாம். மூழ்கிய இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வாடைக் காலத்தில் நம் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் தெற்கே இழுக்கும். வடகிழக்குக் காற்று தென்மேற்கே தள்ளும். தண்ணீரில் கழுத்தளவு இருக்கும் மனிதனை ஓட்டம் இழுக்கும், உயிர்காக்கும் மிதவையான ராஃப்ட்டையோ காலிப் பெட்டியையோ காற்றும் சேர்ந்து தள்ளும். எம்ஆர்சிசி இதையெல்லாம் கணினியில் போட்டு, அந்த நேரத்துக்கு அவர்கள் எங்கே இருக்கக்கூடும் என்று ஒரு புதிய புள்ளி தரும். அதற்கு டேட்டம் என்று பெயர். நாங்கள் போய்ச் சேரும் நேரத்துக்கு டேட்டம் தென்தென்மேற்கே ஒன்பது மைலுக்கு மேல் நகர்ந்திருந்தது. அந்தப் புள்ளியும் உறுதியில்லை. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

அந்த வட்டம் எப்படி வீங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 5 மைல் ஆரம் என்றால் பரப்பு சுமார் 270 சதுர கிலோமீட்டர். ஆரம் 15 மைல் ஆனால் 2,400க்கு மேல். சென்னை மாநகராட்சி முழுவதும் 426 சதுர கிலோமீட்டர்தான். ஐந்தரைச் சென்னை அளவுள்ள இருட்டில் ஒன்பது தலைகளைத் தேட வேண்டும். தகவல் நான்கு மணி நேரம் கை மாறி அலைந்தபோது இந்த வட்டம்தான் பெருத்துக்கொண்டிருந்தது.

பிரிட்ஜிலிருந்து பார்த்தால் தண்ணீரில் ஒரு தலை எவ்வளவு தெரியும்? தேங்காய் அளவு. அதுவும் அலை ஏறி இறங்குவதில் பாதி நேரம் மறைந்திருக்கும். ஐயாம்சார் என்று ஒரு சர்வதேசத் தேடல் கையேடு உண்டு. அதன் மூன்றாம் தொகுதி ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டும். அதில் ஓர் அட்டவணை: பார்வை 5 மைல் தூரம் எட்டும் வானிலையில், தண்ணீரில் இருக்கும் மனிதனைத் தேடும் கப்பல் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடையே அரை மைல்தான் விடலாம். நான்கு பேர் இருக்கும் ராஃப்ட் என்றால் 3.2 மைல் விடலாம். அதே கப்பல், அதே கண்கள். தேடப்படுகிறவர் எதன்மேல் இருக்கிறார் என்பது மட்டும்தான் வேறு, ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அந்த அட்டவணையைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவன் நான். அன்றுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

3.40க்கு டேட்டத்தில் இருந்தோம். விரியும் சதுரம் என்று தேடல் முறை: முதலில் ஒரு நேர்கோடு, பிறகு வலப்பக்கம் வலப்பக்கமாகத் திரும்பி ஒரு மைல், ஒரு மைல், இரண்டு மைல், இரண்டு மைல் என்று பெரிதாகிக்கொண்டே போவது. அரை மைல் இடைவெளியில் தேடத்தான் ஆசை. ஆனால் நிலக்கரி நிறைந்த கப்பல் திரும்பவே அரை மைல் ஆகும். கேப்டன் ஒரு மைல் என்று முடிவு செய்தார். வேகம் ஆறு நாட். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, பிரிட்ஜின் இரு பக்கத் திறந்தவெளியான விங்குகளிலும் கப்பலின் மூக்கிலும் ஆள் நிறுத்தினோம். சமையல்காரர்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

எல்லாரிடமும் ஒன்றையே சொன்னேன்: கண்ணை ஓட விடாதே, ஒரு துண்டு கடலைப் பார், நிறுத்து, அடுத்த துண்டுக்குப் போ. ஓடும் கண் எதையும் பார்ப்பதில்லை. தூத்துக்குடியில் வள்ளம் ஓட்டிய என் அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். பிற்பாடு கையேட்டிலும் இதையே படித்தேன்.

நான்கு திருப்பம் முடிந்து மூன்று மைல் கோட்டில் ஏறியிருந்தோம். மணி 4.50. மூக்கிலிருந்து, மாலுமிகளுக்குத் தலைவரான போசன் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். "சாப், டீசல் மணக்கு." எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நிமிடத்தில் பிரிட்ஜ் விங்குக்கும் வந்தது, அந்தக் காரமான மணம். மூழ்கிய படகின் டாங்கிலிருந்து கசிந்த டீசல். மணம் காற்றோடு வருகிறது. எனவே காற்று வரும் பக்கம் போக வேண்டும். கேப்டன் கப்பலை வடகிழக்காகத் திருப்பி, கொஞ்ச தூரம் போனதும் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். ஓடும் கப்பலில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அலை உடம்பில் மோதும் சத்தம் மட்டும். பிறகு, மெல்லியதாக, வலப்பக்கம் எங்கோ விசில்.

சர்ச்லைட்டை அந்தப் பக்கம் திருப்பினோம். மனிதர்கள் தெரியவில்லை. ஒளி ஒரு இடத்தைத் தாண்டும்போது இரண்டு வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று மின்னி அணைந்தன. லைஃப் ஜாக்கெட்டில் ஒட்டியிருக்கும் ஒளி திருப்பும் பட்டை. விரல் நீளம்தான் இருக்கும். அரை மைல் தொலைவிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது அந்தப் பட்டைதான்.

மீட்புப் படகில் இறங்கியது நானும் போசனும் ஒரு மோட்டார்மேனும். தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. மேலேயிருந்து தெரிந்தவர்கள் கீழேயிருந்து தெரியவில்லை. ஒவ்வொரு அலையும் ஒரு சுவர். கேப்டன் மேலே நின்று "இடது, இன்னும் இடது, நேரே" என்று வாக்கி டாக்கியில் வழிகாட்டினார். அலை உச்சியில் ஏறியபோதுதான் பார்த்தேன். ஐஸ் பெட்டி மூடிகள் இரண்டு, வெள்ளைக் கேன்கள் ஐந்தாறு, எல்லாவற்றையும் நைலான் கயிற்றால் பிணைத்து வளையமாக்கி, அந்தக் கயிற்றிலேயே தங்கள் கையையும் சுற்றிக்கொண்டு மனிதர்கள். இருவர் உடம்பில் மட்டும் லைஃப் ஜாக்கெட்.

"அண்ணே, வந்துட்டோம். கயித்த விட்ராதீங்க, நாங்க வாரோம்" என்று கத்தினேன். தமிழ் கேட்டதும் ஒருவர் அழ ஆரம்பித்தார். இன்னொருவர், "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். பத்து மணி நேரம் கடலில் கிடந்தவர் கேட்ட முதல் கேள்வி அது.

ஒவ்வொருவராக ஏற்றும்போது விரல்கள் கயிற்றை விட மறுத்தன. விட மனமில்லாமல் இல்லை, விரல் விரியவில்லை. போசன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். கை தோல் ஊறி, வெளுத்து, தொட்டால் நகர்ந்தது. டீசல் பட்ட கண்கள் சிவந்து மூடியிருந்தன. இரண்டு பேருக்குத் தொடையெல்லாம் சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்ட தழும்பு.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நெடுநேரம் தண்ணீரில் இருந்தவரைக் கையைப் பிடித்து நிமிர்த்தித் தூக்கக் கூடாது. தண்ணீரின் அழுத்தம் உடம்பைச் சுற்றிலும் இருந்து ரத்த ஓட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். சட்டென்று செங்குத்தாகத் தூக்கினால் ரத்த அழுத்தம் விழுந்து, மீட்கப்பட்ட நிமிடத்திலேயே இதயம் நிற்கலாம். முடிந்தவரை படுத்த வாக்கில் உருட்டி ஏற்ற வேண்டும். ஏற்றியபின்பும் படுக்கவே வைக்க வேண்டும். ஒருவர் தானே எழுந்து ஏணியில் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். விடவில்லை, படகோடு சேர்த்தே மேலே தூக்கினோம். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். வாய் வாயாக, ஓஆர்எஸ் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். வங்காள விரிகுடாவின் தண்ணீர் வெதுவெதுப்புதான், வடகடல்களைப் போல அரை மணியில் ஆளை விறைக்க வைக்காது. ஆனால் இரவெல்லாம் அதில் கிடந்தால் அதுவும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளிக்குள் சுற்றியபின்பும் அவர்களுக்கு நடுக்கம் நிற்கவில்லை.

எண்ணிப் பார்த்தோம். எட்டு.

படகோட்டி வயதானவர். படுத்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒருத்தன் போயிட்டான். கப்பலப் பாத்துப் போயிட்டான்."

"எந்தக் கப்பல்ணே?"

"ஒம்பது மணி இருக்கும். லைட்டு தெரிஞ்சிது, கிட்டத்துலதான். கத்துனோம். நிக்கல. நான் நீந்திப் போய் நிறுத்துறேன்னு போனான். போவாதடான்னேன். கேக்கல."

ரேடியோ அறைக்குப் போய் அதை அப்படியே சென்னைக்குச் சொன்னேன். ஒன்பதாவது ஆளுக்கு வேறு நேரம், வேறு டேட்டம். அந்தக் கப்பல் யாரையும் புறக்கணித்துப் போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது மணிக்கு அந்தப் பிரிட்ஜில் நின்றவனுக்கு எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை. இருட்டில் அலைக்கு நடுவே தேங்காயளவு தலையை, தேடாத கண் பார்க்காது. கப்பல் பிரிட்ஜில் காற்றும் இன்ஜினும் சேர்ந்து மனிதக் குரலை மூடிவிடும். அது நானாக இருந்திருந்தாலும் தாண்டித்தான் போயிருப்பேன். கிட்டத்தில் தெரிந்த விளக்கு இரண்டு மூன்று மைல் தள்ளி இருந்திருக்கும். கடலில் இரவு விளக்கு எப்போதும் கிட்டத்தில்தான் தெரியும். தயவுசெய்து விளக்கைப் பார்த்து நீந்தாதீர்கள். கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள். எட்டுப் பேர் ஒரு வளையமாக இருந்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தார்கள்.

6.30க்குக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் வந்தது. தாழப் பறந்து, எங்களை ஒருமுறை சுற்றிவிட்டு, வடக்கே கோடு போட்டுத் தேட ஆரம்பித்தது. அந்த விமானத்தைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். 2015 ஜூன் 8ஆம் தேதி, சென்னையிலிருந்து ரோந்துக்குக் கிளம்பிய இதே வகை டோர்னியர் ஒன்று மூன்று பேரோடு திரும்பவில்லை. ஒரு மாதம் கழித்துக் கடலூர்க் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 950 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. தேடப் போகிறவர்களும் இதே கடலுக்கு மேல்தான் பறக்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 22இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு மறைந்தது. அந்த வாரம் வங்காள விரிகுடாவைக் கடந்த எங்கள் கப்பலில் ஒவ்வொரு வாட்சிலும் மிதக்கும் எதையும் விடாமல் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைத் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்கள் காட்டின. ரேடார், ரேடியோ எல்லாம் இருந்த விமானத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு மரப்படகுக்கு?

ஆனால் விமானத்துறையிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு விமானம் பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை என்றால், முப்பது நிமிடத்தில் அது ஐயநிலை என்று அறிவிக்கப்பட்டுவிடும். விசாரித்தும் தகவல் இல்லாவிட்டால் எச்சரிக்கை நிலை. பிறகு ஆபத்து நிலை. யாரும் "வந்துவிடும், பொறுப்போம்" என்று உட்கார்ந்திருப்பதில்லை. நம் கரையில்? "வலை சிக்கியிருக்கும்", "பக்கத்துத் துறைமுகத்துக்குப் போயிருப்பான்", "விடியட்டும்". போலீஸ் கேள்வி கேட்பார்கள், எல்லை தாண்டினாயா என்பார்கள் என்ற பயம் வேறு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன்: பேச வேண்டிய நேரத்தில் பேசாத படகைப் பற்றி உடனே 1554க்குச் சொல்லுங்கள். அது கடலோரக் காவல்படை. 1093 மாநிலக் கடலோரப் போலீஸ். பிறகு படகு நல்லபடியாக வந்து சேர்ந்தால், வந்துவிட்டது என்று ஒரு போன் போட்டால் போதும்.

இந்தியா பொறுப்பேற்றிருக்கும் தேடல் மீட்புப் பரப்பு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) என்று மூன்று மையங்கள் பார்த்துக்கொள்கின்றன. அவ்வளவு கடலிலும் எல்லா இடத்திலும் காவல்படைக் கப்பல் நிற்க முடியாது. அதனால் முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் எங்களைப் போல வழியில் போகும் சரக்குக் கப்பல்தான். எங்களுக்குத் தகவல் வந்தால்தான் வருவோம்.

அந்தப் படகிலும் டாட் இருந்தது. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் படகின் அடையாளத்தையும் இடத்தையும் அனுப்பும் இஸ்ரோவின் கருவி. படகோட்டியிடம் பிறகு விசாரித்தேன். கீழே கேபினில், துணிமணிப் பைக்கு அடியில் இருந்ததாம். இன்ஜின் அறையில் தண்ணீர் ஏறி விளக்கு அணைந்ததும் கேபினுக்குள் போக முடியவில்லை. பதினைந்து நிமிடத்தில் படகு சாய்ந்துவிட்டது. கப்பலில் இதற்கு இணையான இபெர்ப் திறந்தவெளியில், தலைக்கு மேலே, தானே கழன்றுகொள்ளும் கொக்கியில் இருக்கும்; கப்பலே மூழ்கினாலும் நான்கு மீட்டர் ஆழம் போவதற்குள் தண்ணீர் அழுத்தத்தில் விடுபட்டு மேலே மிதந்து வந்து, 48 மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அதை அங்கே வைத்தவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. டாட்டும் வீல் ஹவுஸில், கை எட்டும் உயரத்தில், வானம் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2024இல் வந்த புதிய வகையில், உங்கள் அழைப்பு கிடைத்துவிட்டது என்று கரையிலிருந்து பதிலும் வரும். தண்ணீரில் கிடப்பவனுக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிய தைரியம் என்று அந்த எட்டுப் பேரைக் கேட்டால் தெரியும்.

தவறுதலாக அழுத்திவிட்டால் பயந்து அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள். உலகம் முழுக்க வரும் கருவி அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலானவைதான். உடனே 16ஆம் சேனலிலோ போனிலோ சொன்னால் விமானம் கிளம்பாமல் நிற்கும். அந்த விமானம் வேறொருவருக்குத் தேவைப்படலாம். 16ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் படகுகள் பேசிக்கொள்ள வேறு சேனல் வைத்திருக்கின்றன. பேசுங்கள். ஆனால் ஆபத்தில் 16க்கு வாருங்கள். தமிழிலேயே பேசுங்கள், பரவாயில்லை. மூன்று முறை "மேடே", படகின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன ஆனது. அன்று ஒன்பது மணிக்குப் போன கப்பலும் 16ஐக் கேட்டுக்கொண்டுதான் போயிருக்கும். ஏழு மணிக்குக் கூட்டாளிப் படகாவது அதில் கூப்பிட்டிருந்தால், அந்தப் பிரிட்ஜில் இருந்தவன் தேடும் கண்ணோடு நின்றிருப்பான்.

எட்டுப் பேரையும் மதியத்துக்கு மேல் காவல்படைக் கப்பலுக்கு மாற்றினோம். படகோட்டி முதலில் போக மறுத்தார். "அவன் இல்லாம எந்த மூஞ்ச வச்சிட்டுக் கரை ஏறுவேன்" என்று கம்பளியோடு பிரிட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அவர் தோளில் கை வைத்திருந்தார். பிறகு நாங்கள் அந்த நாள் முழுதும், மறுநாள் மாலை வரையிலும் தேடினோம். டோர்னியர் மூன்று முறை வந்துபோனது. மறுநாள் ஐந்தரைக்குச் சென்னையிலிருந்து எங்களை விடுவிக்கும் செய்தி வந்தது. நன்றி சொல்லி, பயணத்தைத் தொடரலாம் என்று இரண்டு வரி. காவல்படைக் கப்பல் தேடிக்கொண்டிருந்தது. அவர் கிடைக்கவில்லை.

தூத்துக்குடியில் சரக்கு இறங்க நான்கு நாள் ஆனது. ஒரு மாலை மாமாவின் விசைப்படகுக்குப் போனேன். டாட் எங்கே என்று கேட்டேன். "இருக்கு மாப்ள, பத்திரமா இருக்கு" என்று கீழே இறங்கிப் போனார். வலைக் கட்டுக்குப் பின்னாலிருந்து, வாங்கிய அட்டைப்பெட்டியோடு, பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் எடுத்து வந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உறையைக் கிழித்து, வீல் ஹவுஸ் சுவரில் கை உயரத்தில் இரண்டு இரும்புப் பட்டை வைத்து அதைப் பொருத்தினோம். விஎச்எஃப் செட்டுக்கு மேலே வெள்ளைப் பெயின்ட்டில் 16, 1554 என்று எழுதினேன். அதற்குக் கீழே, பெரிதாக: "டிகிரி, நிமிடம், மணி". லைஃப் ஜாக்கெட்டுகளைக் கேபினிலிருந்து எடுத்து வீல் ஹவுஸ் கூரையில் கட்டினோம், ஒவ்வொன்றிலும் விசில் இருக்கிறதா என்று ஊதிப் பார்த்து.

பெட்டிக்குள் பதிவுத் தாள் இருந்தது. படகு உரிமையாளர் தொடர்பு எண் என்று அதில் இருந்தது மாமா எட்டு வருஷத்துக்கு முன் வைத்திருந்த நம்பர். மறுநாள் காலை பத்து மணிக்கு, மீன்வளத்துறை அலுவலகம் திறக்கும் முன்னே, அத்தையின் நம்பரை எழுதிய தாளோடு அவர் வாசலில் நின்றார்.